நெடுமரமும் சிறு முற்றமும்

கொத்மலை ஓயாவோடு சென்று கலக்கும் பூண்டுலோயா என்ற சிற்றாற்றின் இருமருங்கிலும் அடுக்கடுக்காக எழும் தேயிலை மலைகளை நின்று நோக்குகிற எவரும், இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல் கவ்வாத்து வெட்டி நிறுத்திய அந்தப் பச்சைப் பரப்புக்கு மேலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் சில இடங்களில் வரிசை வரிசையாகவும் வானத்தை அளாவி நிற்கும் நெடுமரங்களைக் காணாமல் இருக்க முடியாது. தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கு, ஆலை அடுப்புக்கு விறகாக வளர்த்த டர்பன்டைன், காற்றைத் தடுப்பதற்கென்று ஓரத்தில் நட்ட சைப்பிரஸ், சற்றுத் தாழ்ந்த வெப்பமான பள்ளங்களில் குடைவிரித்து நிற்கும் அல்பீசியா ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இந்த மண்ணில் தோன்றியதன்று. மலைநாட்டார் சவுக்கு என்று வழங்குவது தமிழ்நாட்டுக் கடற்கரைச் சவுக்கன்று. கிரெவில்லியா அல்லது சில்வர் ஓக் என்னும் ஆஸ்திரேலிய மரம். டர்பன்டைன் என்பது யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தது. அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தது. அல்பீசியா மொலுக்கஸ் தீவுகளையும் நியூகினியையும் சேர்ந்தது. நுவரெலியாப் பக்கத்தில் மிகுதியாகக் காணும் மொன்ட்ரே சைப்பிரஸின் பிறப்பிடமோ கலிபோர்னியக் கடற்கரை.

அதே கலிபோர்னியாவில், ரெட்வுட் என்னும் மகாவிருட்சத்தை அழகுக்காகவும் நிழலுக்காகவும் வீட்டுக் கொல்லைகளில் நட்டவர்களுடைய பிள்ளைகள், இன்று அதன் வேர் நடைபாதையைத் தூக்குவதையும் கிளை கூரைமேல் விழுவதையும் கண்டு, அதை எவ்விதம் அகற்றுவது என்று திகைத்து நிற்கிறார்கள். நம் மலைநாட்டில் ரெட்வுட் ஒரு பிரச்சினையன்று. ஆனால் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் கோடியிலும், புதிதாகக் கட்டிய தனி வீட்டின் பின்புறத்து மண்மேட்டிலும் நிற்கும் நூறடி டர்பன்டைன், ரெட்வுட் எழுப்பும் கேள்விகள் யாவற்றையும் எழுப்புவதோடு, சமதரையில் எழாத மேலும் சில கேள்விகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

மரங்கள் வந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மத்திய மலைநாட்டின் இயற்கைக் காடுகள் கோப்பிப் பயிருக்காக மளமளவென்று அழிக்கப்பட்டன. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார்; 1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றியது; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய் அதன் இடத்தில் தேயிலை நின்றது. கோப்பிக் கொட்டையை வெயிலில் உலர்த்தலாம். தேயிலைக் கொழுந்தையோ ஆலையில் சூடான காற்றில் உலர்த்த வேண்டும். ஆகவே தேயிலை பரவப் பரவ விறகின் தேவையும் பெருகியது. விறகு தந்திருக்கக்கூடிய காடு முன்னமேயே அழிந்துவிட்டபடியால், விரைவாக வளர்ந்து விரைவாக வெட்டப்படக்கூடிய மரங்களைத் துரைமார் நாடியது இயல்பே. பேராதனைத் தாவரவியல் பூங்காவும், சிங்கோனாப் பயிருக்கென்று 1861 இல் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டமும் அயல்நாட்டு விதைகளைத் தருவித்து வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக் களங்களாக இருந்தன. இவ்விதம் வந்தவைதாம் சவுக்கும் டர்பன்டைனும்.

வந்த காலத்தில் அவை குடியிருப்பு மரங்களாக இருக்கவில்லை. மரம் நின்ற இடம் மலை. மனிதர் இருந்த இடம் லயம். பின்னர் குடும்பங்கள் பெருகின. லயக் காம்பராக்களின் பின்புறம் சேர்ப்புக் கூரைகள் நீண்டன. தனி வீட்டுத் திட்டங்களுக்குத் தோட்டத்தின் தரிசு ஓரங்கள் ஒதுக்கப்பட்டன. தரிசு ஓரம் என்பது பெரும்பாலும் பழைய விறகுத் தோப்பின் ஓரமே. மரம் வீட்டைத் தேடி வரவில்லை. வீடுதான் மரத்தின் நிழலுக்குள் தள்ளப்பட்டது. இந்த வரலாற்றை அறியாமல், மரத்தை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது.

வளர்ச்சியின் வேகத்துக்குக் காரணம்

ஒரு மரம் உயரமாக வளர்வது வெளிச்சத்துக்காக நடத்தும் போட்டியின் விளைவு. பக்கத்து மரத்தைவிட ஒரு முழம் உயர்ந்தால் சூரிய ஒளி முழுவதும் தனக்கே கிடைக்கும் என்னும் நிலை பல இலட்சம் ஆண்டுகள் நீடித்ததனால், சில இனங்கள் உயர்வதையே தங்கள் முதற் கருமமாகக் கொண்டுவிட்டன. அவற்றுள் தலையாயது கலிபோர்னிய ரெட்வுட். 2006 இல் கண்டறியப்பெற்று ஹைப்பீரியன் என்று பெயரிடப்பட்ட ரெட்வுட் ஏறக்குறைய 116 மீற்றர் உயரமுடையது. பூண்டுலோயாவுக்குச் சமீபத்தில் டன்சினன் தோட்டத்தருகே விழும் நீர்வீழ்ச்சியின் உயரம் சுமார் நூறு மீற்றர் என்பதை நினைத்தால், அந்த மரத்தின் பிரமாணம் புலனாகும். பூக்கும் மரங்களுள் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று தஸ்மேனியாவில் நிற்கும் ஒரு யூகலிப்டஸ். அதன் உயரமும் ஏறக்குறைய நூறு மீற்றரே. நம் தோட்டங்களில் விறகுக்காக மிகுதியும் வளர்க்கப்படும் கிராண்டிஸ் வகை அந்தக் குலத்தைச் சேர்ந்ததே.

யூகலிப்டஸின் வளர்ச்சிக்கு வேறொரு காரணமும் உண்டு. குளிர்நாட்டு மரங்கள் பலவற்றுக்கு, மாரிக்காலத்தில் மொட்டு செதிலுக்குள் ஒடுங்கி உறங்கும் சுபாவம் இருக்கிறது. யூகலிப்டஸின் மொட்டுக்கு அத்தகைய உறை இல்லை. வெப்பமும் நீரும் கிடைக்கும் காலமெல்லாம் அது வளர்ந்துகொண்டே இருக்கும். இதனை ஆஸ்திரேலிய வனவியல் அறிஞர் ஜேக்கப்ஸ் 1955 இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். கடுங்குளிரும் இல்லாமல், நீண்ட வறட்சியும் இல்லாமல், இரு பருவக் காற்றுகளும் மாறி மாறி மழை தரும் நம் மலைநாட்டில், அந்த மரத்துக்கு ஓய்வு என்பதே கிடையாது.

மூன்றாவது காரணத்தை உணர்வதற்குப் பூண்டுலோயாவின் பெயரை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஒருவரை நினைவுகூர வேண்டும். இவ்வூரில் தோட்டத்துரையாக இருந்து, பின்னர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியல் அறிஞரான எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன், செடிகொடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிற்பூச்சிகளைச் சேகரித்து, வரைந்து, வகைப்படுத்தி, 1896 தொடங்கி 1922 வரை பகுதி பகுதியாக ஒரு பெருநூலை வெளியிட்டார். எந்தப் பூச்சி எந்தச் செடியில் வாழும் என்று பொறுமையோடு குறித்து வைக்கும் அத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கும் உண்மை யாதெனின், ஒரு மரம் தன் தாயகத்தில் எண்ணற்ற பூச்சிகளுக்கும் பூஞ்சணங்களுக்கும் வரி செலுத்தியே வளர்கிறது என்பதாம். கடல் கடந்து விதையாக வந்த மரமோ அந்தப் பகைவரைப் பின்னே விட்டு வருகிறது. வரி செலுத்த வேண்டாத அந்தச் சக்தி முழுவதும் உயரமாக மாறுகிறது.

காற்றும் தண்டும்

உயர்ந்த மரம் அபாயமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. எந்த மரம், எப்பொழுது, எங்கே முறியும் என்று கூறுவதற்குத்தான் சாஸ்திரம் வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின்மீது அது செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அவ்விசை இலைத்திரளாகிய உச்சியில் தாக்குகிறபடியால், உயரம் கூடக் கூட அடித்தண்டில் ஏற்படும் வளைக்கும் சக்தியும் கூடுகிறது. மறுபுறம், தண்டின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் வலிமை எட்டு மடங்காகும். ஆகையால் தடித்துக் குட்டையான மரம் நெடுங்காலம் நிற்க, நெருக்கமான தோப்பில் வெளிச்சத்துக்காக ஒல்லியாக நீண்ட மரம் முதற் புயலிலேயே சாய்ந்துவிடக் காண்கிறோம்.

தண்டினுள்ளே பொந்து கண்டதும் மரம் நாளையே விழும் என்று அஞ்சுவது பலருடைய வழக்கம். கணிதம் வேறு விதமாகச் சொல்கிறது. தண்டின் குறுக்களவில் பாதி உள்ளே உளுத்துப் போனாலும், சுற்றியிருக்கும் மரம் திடமாக இருக்குமாயின், வளைவைத் தாங்கும் வலிமையில் குறைவது நூற்றுக்கு ஆறு பங்கே. குறுக்களவில் பத்தில் ஏழு பங்கு உளுத்த நிலையில்தான் அக்குறைவு கால்பங்கை எட்டுகிறது. அபாயத்தின் உண்மையான அறிகுறிகள் பெரும்பாலும் நிலமட்டத்தில் இருக்கின்றன: ஒருபுறம் வேர்ப்படுக்கை எழும்புதல், அடியைச் சுற்றி மண்ணில் புதிய வெடிப்பு, அடிமரத்தில் பூஞ்சணக் காளான், சில மாதங்களுக்குள் சாய்வு கூடுதல். மலைநாட்டில் இவற்றோடு மற்றொன்றும் சேர்கிறது. வீடு கட்டுவதற்கு மண்மேட்டை வெட்டித் தளம் எடுக்கும்போதும், மழைநீருக்குக் கான் வெட்டும்போதும், மேலே நிற்கும் மரத்தின் வேர் ஒருபுறம் முழுவதும் அறுபட்டுப் போகிறது. கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும் அந்த மரம், உண்மையில் பாதி வேரில் நிற்கிறது. அது சாயக்கூடிய பக்கமும் பெரும்பாலும் வீட்டுப் பக்கமே.

இன்னொரு நுட்பத்தையும் இங்கே குறிக்க வேண்டும். காற்றில் ஆடி ஆடி வளர்ந்த மரம், அந்த ஆட்டத்துக்கு ஏற்ப அடியைத் தடிப்பாக்கி வேரை உரப்படுத்திக் கொள்கிறது. வரிசையின் நடுவில், அயல் மரங்களின் மறைவில் வளர்ந்த மரத்துக்கு அந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை. ஒரு தோப்பில் வீட்டுக்கு அருகில் நிற்கும் முன்வரிசையை மட்டும் வெட்டிவிட்டு நிம்மதி அடைகிறவர்கள், அதுவரை காற்றையே அறியாத இரண்டாம் வரிசையை அடுத்த ஆடிக் காற்றின் எதிரே நிறுத்துகிறார்கள் என்பதை அறியார். மரத்தின் நீளத்துக்குள் வீடு இருக்குமாயின், வரிசையைப் பகுதி பகுதியாகச் சில ஆண்டுகளில் ஐதாக்கி, எஞ்சியவை உரம் பெற அவகாசம் தருவதோ, அல்லது வரிசை முழுவதையும் அகற்றுவதோதான் உசிதம்.

அல்பீசியாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மரங்களுள் அதிவேகமாக வளர்வனவற்றுள் ஒன்றாகிய இது, அந்த வேகத்துக்கு ஈடாக மிக இலேசான, எளிதில் முறியும் மரத்தையே உண்டாக்குகிறது. ஹவாய்த் தீவுகளில் 1917 இல் தாவரவியலாளர் ஜோசப் ரொக் இதைக் காடு வளர்ப்புக்காகக் கொண்டுவந்தார். ஒரு நூற்றாண்டு கழிய மூன்று ஆண்டுகள் இருக்கையில், 2014 ஓகஸ்ட் மாதத்தில் வீசிய இசெல் புயலில் பூனா என்னும் பகுதியில் அல்பீசியாக்கள் திரள் திரளாக முறிந்து சாலைகளை அடைத்து, மின்கம்பிகளையும் கூரைகளையும் சேதப்படுத்தின. அதற்குப் பின்னர் அங்கே குடியிருப்புகளின் அருகே இம்மரத்தை ஒழிப்பது பொதுக்காரியமாகிவிட்டது.

ஏழு பேர்ச்சில் நூறடி

மலைநாட்டுத் தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்பது பலரும் அறிந்த அளவு. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீற்றர். அது சரிசதுரமாக இருக்குமாயின் ஒரு பக்கம் பதின்மூன்று மீற்றரும் சொச்சமும். மூலைக்கு மூலை அளந்தாலும் பத்தொன்பது மீற்றரை எட்டாது. நூறடி மரத்தின் நீளமோ முப்பது மீற்றர். அதாவது, அந்த முற்றத்தில் அம்மரத்தை எந்தத் திசையில் கிடத்தினாலும் அது எல்லையைக் கடந்து வேறொருவருடைய கூரையிலோ, மின்கம்பியிலோ, தேயிலையிலோ, பாதையிலோதான் போய்க் கிடக்கும். காட்டில் மரம் வெட்டுகிறவனுடைய அனுபவம் முற்றத்தில் பயன்படாமற் போவதற்கு இந்த ஒரு கணக்கே போதிய காரணம்.

எடையையும் கருதிப் பார்க்க வேண்டும். அடியில் அறுபது சென்றிமீற்றர் விட்டமும் முப்பது மீற்றர் உயரமும் உள்ள பச்சை டர்பன்டைனின் தண்டு மட்டும் மூன்று தொன்னுக்கு மேற்படும். அதன் அடிப்பகுதியில் ஒரு மீற்றர் நீளத் துண்டே இருநூற்றைம்பது கிலோவை எட்டக்கூடும். இருபது மீற்றர் உயரத்திலிருந்து நழுவிய துண்டு நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு எழுபது கிலோமீற்றர். தகரக் கூரைக்கு இதை எதிர்த்து நிற்கும் சக்தி இல்லை.

ஆகவே முற்றத்து மரத்தை அடியில் வெட்டிச் சாய்ப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறையையே கைக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவன் இடுப்பு வாரோடும் இரட்டைக் கயிற்றோடும் ஏறி, முதலில் கிளைகளைக் கீழிருந்து மேலாகக் கழித்து, பின்னர் உச்சியை வெட்டி, அதன்பின் தண்டைச் சிறு சிறு துண்டங்களாக அறுத்து இறக்குகிறான். ஒவ்வொரு துண்டும் அறுபடுமுன்னரே கயிற்றில் கட்டப்பட்டு, கப்பியின் வழியாகவோ அடிமரத்தில் சுற்றிய கயிற்றின் உராய்வாலோ மெதுவாக இறக்கப்படுகிறது. கீழே நிற்கிறவன் கயிற்றை விடுவதில் காட்டும் நிதானத்தைப் பொறுத்தே மேலே நிற்கிறவனுடைய உயிர் இருக்கிறது. மின்கம்பி சமீபத்தில் இருந்தால் மின்சார சபைக்கு அறிவித்து மின்னோட்டத்தை நிறுத்துவித்த பின்னரே ஏற வேண்டும். பச்சை மரமும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

இடம் தாராளமாக இருந்து மரத்தை முழுதாகச் சாய்க்கக்கூடிய இடங்களிலும் ஒரு முறை இருக்கிறது. விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நான்கில் ஒரு பங்களவு ஆழத்துக்கு வாய் பிளந்தாற்போல ஒரு வெட்டு. எதிர்ப்பக்கத்தில் அதற்குச் சற்று உயர்வாக மற்றொரு வெட்டு. இரண்டும் சந்திக்காமல் நடுவே விட்டத்தில் பத்திலொரு பங்கு கனத்துக்கு அறுக்காமல் விட்ட மரக்கீற்று. அந்தக் கீற்றுதான் கதவுக்குக் கீல் செய்யும் வேலையைச் செய்து மரத்தை ஒரே திசையில் சாயவிடுகிறது. அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டப்படி விழும்.

யூகலிப்டஸில் மற்றொரு விபரீதமும் மறைந்திருக்கிறது. வளரும் தண்டில் புதிதாக உண்டாகும் வெளிமரம் நீளவாட்டில் இழுபட்ட நிலையிலும், உள்மரம் அமுக்கப்பட்ட நிலையிலும் இருக்கின்றன. மரம் நிற்கும்வரை இவ்விரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. வாள் பட்டதும் அந்தச் சமநிலை குலைந்து, அறுத்த முகம் நட்சத்திர வடிவாக வெடிக்கிறது. சாய்ந்து நிற்கும் மரத்தைப் பின்புறத்தில் அவசரமாக அறுப்பவனுக்கு, தண்டு நெடுக்குவாட்டில் பிளந்து, பின்பாதி மேலெழுந்து மார்பில் தாக்கும் அபாயமும் உண்டு. இயந்திர வாளைக் கையில் பிடிக்கத் தெரிந்தவர் எல்லாரும் மரம் அகற்றத் தெரிந்தவர் ஆகார் என்பதற்கு இது ஒன்றே சான்று.

அடிக்கட்டையின் பிற்காலம்

மரம் போனதும் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் இவ்விஷயத்தில் மிகப் பெரிய பிழை. நிலத்துக்குமேல் இருந்தது போயிற்று; நிலத்துக்குள் இருப்பது இனித்தான் தன் கதையைத் தொடங்குகிறது.

தேயிலை நாட்டில் இந்தக் கதையை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் தொம் பெட்ச் முக்கியமானவர். 1905 முதல் பேராதனையில் பூஞ்சணவியல் அறிஞராக இருந்து, பின்னர் 1925 இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரான அவர், வெட்டப்பட்ட சவுக்கின் அடிக்கட்டையில் அஸ்டுலினா என்னும் பூஞ்சணம் குடியேறி, இறந்த வேரின் வழியாகப் பரவி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தேயிலைச் செடியின் வேருக்குள் புகுந்து கொல்வதைக் காட்டினார். நிழல் மரம் ஒன்றை வெட்டிய சில ஆண்டுகளில் அதைச் சுற்றித் தேயிலை வட்டமாகப் பட்டுப்போவதன் காரணம் இவ்விதம் விளங்கியது. 1930களில், இன்று மலாவி என வழங்கும் நியாசாலாந்தில் லீச் என்ற அறிஞர், வேறொரு வேர்ப்பூஞ்சணத்துக்கு ஒரு பரிகாரம் கண்டார். மரத்தை வெட்டுவதற்கு வெகு முன்னரே அடியில் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், இலையில் உண்டாகும் மாச்சத்து வேருக்கு இறங்காது. வேர் தன் சேமிப்பைச் செலவழித்துத் தீர்த்துவிடும். வெறுமையான அந்த வேரில் பூஞ்சணத்துக்கு உணவு இராது. தேயிலை மலையின் நடுவில் இது உத்தமமான வழி. வீட்டருகிலோ இதைச் செய்யலாகாது. ஏனெனில் பட்டை உரித்த மரம் நின்றபடியே காய்ந்து, கிளை கிளையாக உதிரத் தொடங்கும்.

துளிர்க்கும் சுபாவத்திலும் மரங்கள் வேறுபடுகின்றன. ரெட்வுட் வெட்டிய அடியைச் சுற்றி வட்டமாகக் கன்றுகளை எழுப்பும். டர்பன்டைனும் அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். இத்துளிர்களை வளரவிட்டால், வலுவில்லாத ஒட்டிலிருந்து எழுந்த நான்கைந்து தண்டுகள் சில ஆண்டுகளில் பழைய அபாயத்தையே பெருக்கித் தந்துவிடும். சவுக்கு அடியில் வெட்டினால் நன்கு துளிர்ப்பதில்லை. ஆனால் இளமையிலிருந்தே தலையையும் கிளையையும் கழித்துக் குட்டையாக வைத்திருந்தால் நெடுங்காலம் பயன் தரும். முற்றிய மரத்தின் தலையைத் திடீரென்று வெட்டுவதோ, ஆறாத பெரும் புண்ணை உண்டாக்கி உச்சியிலிருந்து உளுப்பை இறக்குவதாகும்.

சரிவைத் தாங்கும் வேர்

சமதரையில் வாழும் கலிபோர்னியர் பலர் கவலைப்பட வேண்டாத விஷயம் ஒன்று மலைநாட்டாருக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவையும், 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் மலைநாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்ற சரிவுகளையும் அறிந்த எவரும், சரிவில் நிற்கும் மரத்தின்மேல் கோடரி வைப்பதற்குமுன் இருமுறை சிந்திப்பர்.

வேர் மண்ணை இரு வகையில் காக்கிறது. இலையின் வழியே நீரை வெளியேற்றி மண்ணின் ஈரத்தைக் குறைப்பது ஒன்று. நார்போல ஊடுருவி மேல்மண்ணைக் கீழ்மண்ணோடு பிணைப்பது மற்றொன்று. இந்தப் பிணைப்பு ஒன்றிரண்டு மீற்றர் ஆழத்துக்கு உட்பட்ட சரிவுகளைத் தடுக்க வல்லது. மலையே ஆழத்திலிருந்து நகரும்போது எந்த மரத்தின் வேரும் அதைத் தடுக்காது. மரத்தை வெட்டியதும் வேர் அன்றைக்கே வலுவிழப்பதில்லை. மெல்லிய வேர்கள் முதலிலும் தடித்தவை பின்னரும் மக்கிப் போகின்றன. பல நாடுகளில் வெட்டப்பட்ட மலைச்சரிவுகளை ஆராய்ந்தவர்கள், மரம் போன மூன்றாம் ஆண்டு தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்வரை சரிவு மிகவும் பலவீனமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பழைய வேர் மக்கியிருக்கும்; புதிய வேர் இன்னும் உரம் பெற்றிராது. ஈரமும் வெப்பமும் கூடிய இடத்தில் மக்குதல் இன்னும் விரைவாகவே நிகழும். மரம் வெட்டிய ஆண்டில் ஒன்றும் நேரவில்லை என்று மகிழ்ந்திருந்த வீட்டின்மேல் ஐந்தாம் ஆண்டு மழையில் மண் இறங்குவதன் மர்மம் இதுதான்.

இதிலிருந்து நடைமுறை விதிகள் சில தாமே பெறப்படுகின்றன. வீட்டின் பின்புறத்துச் சரிவில் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கலாகாது. அது மண்ணைக் குலைத்து நீருக்கு வழி திறக்கும். டர்பன்டைனாயின், அடிக்கட்டையை உயிரோடு விட்டு, எழும் துளிர்கள் ஆளுயரம் தாண்டியபின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை விறகுக்காக வெட்டிக்கொண்டே வந்தால், உயரம் ஒழிந்து வேர் மட்டும் வாழும். அடுப்புக்கும் பயன் கிடைக்கும். துளிர்க்காத மரமாயின், அதை வெட்டுவதற்கு இரண்டொரு ஆண்டு முன்னரே சரிவில் வெட்டிவேரையோ, தேயிலை மறுநடுகைக்குமுன் மண்ணைத் தேற்றுவதற்குத் தோட்டங்களில் வளர்க்கும் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ நட்டு வேர்பிடிக்க விட வேண்டும். மேட்டின் உச்சியில் நீர் தேங்காமல் கானைத் திருத்துவது மரம் வெட்டுவதைவிடப் பல சமயங்களில் அவசரமான காரியம். சரிவு ஏற்கெனவே வெடித்திருந்தால் மரத்தைத் தொடாமல், 1984 முதல் இயங்கிவரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரை அழைத்துக் காட்ட வேண்டும்.

யாருடைய மரம்?

மலைநாட்டில் மரத்தின் விஞ்ஞானத்தைவிடச் சிக்கலானது அதன் உரிமை. லயத்தின்மேல் சாய்ந்து நிற்கும் மரம் லயத்தில் வாழ்கிறவருடையதன்று. தோட்டத்து நிலம் அரசினுடையது, குத்தகை கம்பெனியினுடையது, மரம் தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் உள்ளது. தன் கூரைமேல் தொங்கும் கிளையைத் தானே வெட்டுகிறவன் திருட்டுக் குற்றத்துக்கு ஆளாகவும் கூடும். வெட்டாதிருந்தால் உயிருக்கு ஆபத்து. 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா முதலிய மரங்களைக் காப்பாற்றுகிறது; அதே ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் சரிவு நிலங்களைப் பற்றியது. அபாயமான மரத்தின் அடியில் வாழ்கிறவர் செய்யத்தக்கது, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்து மூலம் அறிவித்து, பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வதே. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வாய்ச்சொல்லாகச் சொன்ன முறைப்பாடு மரம் விழுந்த பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை. அகற்றும் செலவை மாதச் சம்பளக்காரக் குடும்பம் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நீதியன்று. விறகாகவும் பலகையாகவும் மரத்தின் பயனை அடைகிறவர்கள் அதன் அபாயத்தையும் ஏற்க வேண்டும்.

நெடுமரத்தை வீட்டருகிலிருந்து அகற்றுவது இவ்வாறு ஒரு நாள் வேலையாக இல்லாமல் சில ஆண்டுகளின் வேலையாக இருப்பதால், அந்த வேலையே தேவைப்படாதபடி நடுவதுதான் அறிவுடைமை. எந்த மரத்தையும் அது முழு வளர்ச்சியில் அடையும் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் வீட்டிலிருந்து தள்ளி நட வேண்டும். அத்தனை தூரம் ஏழு பேர்ச்சில் கிடையாதபடியால், அங்கே கொய்யாவும் எலுமிச்சையும் மரத்தக்காளியும் போதும். டர்பன்டைனும் அல்பீசியாவும் ஆலைக்கு வேண்டுமானால், குடியிருப்பில்லாத மலையில் வளரட்டும். புதிய வீட்டுத் திட்டத்துக்கு நிலம் அளக்க வருகிற அதிகாரிகள், நிலத்தின் அகலத்தோடு அதைச் சூழ்ந்து நிற்கும் மரங்களின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்வார்களாக. அளக்காமல் போனால், அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு அந்த வீட்டில் குடியேறப் போகிறவர்களுடையது.